கரை ஏறி இறங்கும் சாலை

நவம்பர் 30

அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தம்பி விடியற்காலை நாலரைக்கு அழைத்தான். மற்றதை எழுத முடியவில்லை.

டிசம்பர் 11

திருமயம் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூளையின் இடப்பக்கம் அடைப்பாம். அதனால்தான் வலப்பக்கமும் பேச்சும் சேர்ந்து போயின என்றார் டாக்டர். நாம் சொல்வது விளங்கும், பதில்தான் வராது என்றும் சொன்னார். விளங்குகிறது என்பதுதான் என்னை அறுக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

காரைக்குடியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் திருமயம். அந்த முக்கால் மணி எனக்குப் போதவில்லை. இறங்கும்போது அழுத முகம் அப்படியே இருக்கிறது, அதோடு உள்ளே போகிறேன். அம்மா முதலில் பார்ப்பது அதைத்தான்.

இடது கைக் கட்டைவிரல் மட்டும் போர்வைமேல் அமுக்கி அமுக்கி எடுக்கிறது. டிவி கேட்கிறார்கள் என்று தம்பி ரிமோட்டைக் கையில் வைத்தான். அம்மா அதைத் தள்ளிவிட்டார். தம்பி மனைவி செல்போனைக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண், "விரல் அசையிறது நல்லதுதாங்க" என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடிக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 17

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. இன்று வெளியே எடுத்தேன். இரண்டு டயரிலும் காற்றில்லை. மணி உடைந்து கிண்ணம் மட்டும் தொங்குகிறது. செக்காலையில் பஞ்சர் கடைக்காரர், "யாரு ஓட்டப் போறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

போய்விட்டேன். இரண்டு மணி பத்து நிமிடம்.

ஐந்தரைக்குக் கிளம்பினேன். மார்கழி. கோட்டையூர் போகும்வரை எல்லா வாசலிலும் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பெரிய சாலையை விட்டு உள்சாலை பிடித்தேன்: கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான். ரயில் தடமும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. கோட்டையூர், செட்டிநாடு, திருமயம் என்று வரிசையாக நிலையங்கள்.

இருபது வருடமாக இந்தப் பக்கம் பஸ்ஸில் போய் வருகிறேன். தட்டையான பூமி என்றே நினைத்திருந்தேன். தொடை வேறு கணக்குச் சொல்கிறது. சிறு ஏற்றம் ஒன்று வரும், எழுந்து நின்று மிதித்து மேலே போனால் ஒரு பக்கம் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் கீழே பச்சை வயல். அப்போதுதான் தெரியும், ஏறியது கண்மாய்க் கரை என்று. இறங்கினால் வரத்துக்கால்மேல் சின்னப் பாலம். மறுபடி சமதளம், மறுபடி ஒரு கரை. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போக வேண்டும். அதற்கு நிலம் எங்கே எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கரை போட்டிருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமல் அந்தச் சாய்வைக் கண்டுபிடித்தவர்கள் நிச்சயம் கால்நடையாகப் போனவர்கள்தான். மோட்டார் வண்டிக்கு இந்தச் சாய்வு தெரியாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முகத்தில் அழுகை இல்லாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 22

உட்கார முடியவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே ரசீது எழுதினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

பெரிய சாலையைத் தொட வேண்டிய ஒரு கிலோமீட்டரில் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வந்து என்னை மண்ணில் இறக்கிவிட்டது. முழங்கை சிராய்ப்பு. செம்மண் புண்ணில் ஏறி எரிந்தது. ஓரமாகத் தைலமரத் தோப்புக்குள் உட்கார்ந்துவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் காடு. உள்ளே ஒரு குருவிச் சத்தம் இல்லை, காலடியில் புல் இல்லை, காய்ந்த இலைதான். எனக்குத் தைலமரத்தின்மேல் தீராத கோபம். இந்தப் பூமிக்குக் காரையும் சூரையும் வீரையும் இருந்தன. காரைச் செடியின் பெயரில்தான் எங்கள் ஊரே இருக்கிறது.

திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டேன். திருமயம் போகவில்லை. வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். "அடுத்த வாரம் பஸ்ஸுல போம்மா" என்றார். சரி என்றேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பஸ்ஸில் போகவில்லை. மனம் கேட்கவில்லை.

கானாடுகாத்தானில் ஊருணிக் கரையில் டீ குடிக்க நின்றேன். ஊருணி நிரம்பிச் செம்பராங்கல் படிகளில் ஒன்றுதான் வெளியே தெரிந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கியர் வைத்த வாடகை சைக்கிளோடு வந்து நின்றார். எழுபது வயது இருக்கும், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. கூட வந்த வழிகாட்டித் தம்பி எங்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தார். பிரான்சுக்காரர். அங்கே வாய்க்கால் ஓரமாகவே நாள்கணக்கில் சைக்கிளில் போவாராம். தெற்கே டூலூஸ் ஊரிலிருந்து கடற்பக்கம் போகும் கனால் டு மிடி என்ற வாய்க்கால் 1681-ல் திறக்கப்பட்டது, நீளம் 240 கிலோமீட்டர். படகைக் கரையில் நடந்து குதிரைகள் இழுத்தன. அந்தக் குதிரைப் பாதையில்தான் இன்று சைக்கிள்கள் போகின்றன. லுவார் ஆற்றோரம் போனால் காட்டுக்கு நடுவில் அரண்மனை அரண்மனையாக வருமாம்.

"வாய்க்கால் ஓரம் ஏற்றமே இராது, தண்ணீர் சமமாக நிற்க வேண்டுமே. இங்கே ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?" என்று கேட்டார். கண்மாய் என்றேன். வழிகாட்டிக்கு அதை எப்படிப் பெயர்ப்பது என்று தெரியவில்லை. கையால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். வீட்டு ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்குகிறது. அங்கிருந்து தெருக் கால்வாய், அங்கிருந்து ஊருணி, ஊருணி நிரம்பினால் கண்மாய். அவர் குனிந்து என் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே தெருவின் இந்த முனையிலிருந்து அடுத்த தெருவரை நீண்டு கிடக்கும் வீட்டைக் காட்டி, இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றார். ஒரு காவல்காரர் என்றேன்.

அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. நான் செட்டியார் வீட்டுப் பிள்ளை இல்லை, அந்த வீடுகளில் எனக்குப் பங்கும் இல்லை. ஆனாலும் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைச் சுவரில் கண்ணாடி போலத் தேய்த்து, ஆத்தங்குடிக் கல் பதித்தவர்களெல்லாம் எங்கள் பக்கத்துக் கொத்தனார்களும் ஆசாரிகளும்தானே. பூட்டுத் தொங்குகிற கதவைப் பார்க்கும்போது அவர்களின் கைவேலைதான் எனக்குத் தெரிகிறது.

கிளம்பும்போது அந்த அம்மா என் சைக்கிளின் உடைந்த மணியைத் தொட்டு, உச்சுக்கொட்டித் தலையாட்டினார்.

ஜனவரி 6

தூக்கம் வரவில்லை. ஊருணிக் கரையில் அந்தப் பிரான்சுக்கார அம்மா கேட்டது இன்னொன்று. சைக்கிள் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கம்மா என்று மட்டும் சொன்னேன். வழிகாட்டி அதை மொழிபெயர்த்தார், அந்த அம்மா சிரித்தார், அதோடு முடிந்தது. எவ்வளவு சொல்லாமல் விட்டேன்!

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்கு முப்பது வயது. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, மூன்று மைல் நடை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இயக்கத்திலேயே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு திருமயம் கோட்டைக்குப் பக்கத்துப் பொட்டலில் பெண்கள் விழுந்து விழுந்து பழகினார்கள். சேலை கிழியும், முட்டி கிழியும், அம்மா சிரித்துக்கொண்டே வருவார். அப்பா ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. 1992 மகளிர் நாளில் புதுக்கோட்டையில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு இதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் எங்கம்மாவும் இருந்தார். முன்கம்பியில் துண்டைச் சுற்றி அதன்மேல் எட்டு வயதில் நான் இருந்தேன்.

கம்பி வைத்த ஆண்கள் வண்டியைத்தான் அந்தப் பெண்கள் நிறையப் பேர் கேட்டு வாங்கினார்கள். கம்பி இருந்தால்தான் பிள்ளையை முன்னால் வைக்கலாம். அம்மாவுடையது கடனுக்கு வாங்கிய ஹெர்குலிஸ். பின்னால் இரண்டு தண்ணீர்க் குடம், முன்னால் நான். அவர் மூச்சு என் உச்சியில் படும். தெருமுனை வந்தால் என் காதோரம் மணி அடிக்கும். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். அம்மா அதற்காகவே இன்னும் இரண்டு முறை அடிப்பார்.

ஜனவரி 11

காய்ச்சல். போகவில்லை.

ஜனவரி 15

பொங்கல். மகள் வந்திருக்கிறாள், எல்லோருமாகக் காரில் போனோம். "அம்மாச்சி" என்று அவள் கட்டிக்கொண்டபோது அம்மா அழுதார். அழுகைக்குச் சத்தம் வந்தது. சத்தம் இருக்கிறது, சொல் இல்லை.

தம்பி மகனோடு கோட்டைமேல் ஏறினேன். 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. அந்தப் பிரான்சு வாய்க்கால் திறந்த கணக்குக்கு ஆறு வருடம் பிந்தியது. உச்சியில் பீரங்கி இன்னும் கிடக்கிறது. பாறையின் அடியில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் கோட்டைக்கு எத்தனையோ நூறு வருடம் மூத்தவை. "அத்தை, நீங்க வர்ற ரோடு எது?" என்று கேட்டான். காட்டினேன். மேலிருந்து பார்த்தால் ரோடு தெரியவில்லை. கண்மாய்கள்தான் தெரிந்தன, ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் தகடு போல. அவற்றின் கரைகளை வைத்துத்தான் ரோட்டைக் கண்டுபிடித்தேன்.

ஜனவரி 17

சிராவயலில் மஞ்சுவிரட்டு. ஊரே அந்தப் பக்கம் போய்விட்டது. நான் வீட்டில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பள்ளத்தூரில் சைக்கிள் கடையைப் பார்த்ததும் நிறுத்தினேன். பழைய கடை. மணி போடச் சொன்னேன். "வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்றார். யோசிக்காமல் இடப்பக்கம் என்றேன். போட்டுக்கொண்டே, ஹெர்குலிஸ் செய்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. பள்ளத்தூரிலிருந்து பர்மாவுக்குப் போய்த் தொழில் செய்த முருகப்பா குடும்பம்தான் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. ஆலை அம்பத்தூரில். அம்மா விழுந்து எழுந்த வண்டி இந்தத் தெருவில் பிறந்தவர்கள் போட்ட முதலில் உண்டானது. இதைச் சொல்ல வேண்டும் என்று அவசரமாக மிதித்தேன்.

கோட்டைத் தெருவுக்குத் திரும்பும்போது குறுக்கே ஆடு. மணி அடித்தேன்.

வாசலில் இறங்குவதற்குள் தம்பி வெளியே வந்தான். "அக்கா, என்னாச்சு? நீ வர்றதுக்கு முன்னாடியே ஆத்தா கதவுப் பக்கம் திரும்பிருச்சு" என்றான். தானாகவே இதுவரை திரும்ப முடியாத கழுத்து அது. இரண்டு தலையணை வைத்துத்தான் திருப்புவோம்.

உள்ளே போனேன். பள்ளத்தூர்க் கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

வழியெல்லாம் பழனிக்கு நடக்கும் பேச்சு. குன்றக்குடியிலிருந்து காவடி புறப்பட்டாயிற்று. வெறுங்காலோடு அத்தனை மைல். என் இருபது கிலோமீட்டரைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தெருமுனையில் மூன்று முறை மணி அடித்தேன்.

பிப்ரவரி 2

டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பேச்சு வருமா என்று தம்பி கேட்டானாம். ஆறு மாதம் பார்க்கலாம் என்றாராம். ஆறு மாதம் என்றால் ஆனி, ஆடி. எதிர்க்காற்று அடிக்கும் மாதம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு மணி ஐம்பது நிமிடம். வழியில் மடை திறந்திருக்கிறார்கள், கடைசியாக நட்ட வயலுக்குத் தண்ணீர் போகிறது. கண்மாய் உள்வாயில் மண் தெரியத் தொடங்கிவிட்டது. நத்தைகுத்தி நாரை நாலைந்து நின்றன.

தம்பியும் நானும் சேர்ந்து வண்டியைத் திண்ணைமேல் தூக்கி, நடை தாண்டி அம்மாவின் கட்டில் பக்கமே கொண்டுவந்து நிறுத்தினோம். தம்பி மனைவி செம்மண் தரையெல்லாம் ஆகிறதே என்று சொன்னாள், பிறகு அவளே சாக்கு எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டாள். ஹேண்டில்பாரை அம்மா பக்கம் திருப்பினேன். கைக்கு எட்டவில்லை. ஒரு சாண் குறைகிறது. அடுத்த ஞாயிறு கட்டிலை உயர்த்தச் செங்கல் வேண்டும், நாலு காலுக்கும் நாலு.

அம்மா இன்னும் பேசவில்லை. திரும்பும்போது கானாடுகாத்தான் ஊருணியில் ஐந்து படி வெளியே தெரிந்தது.