செவலையோடு ஓடை வரை

விடிந்தும் விடியாத நேரத்தில் தாத்தா கம்பளியை உதறும் சத்தம் கேட்டால் போதும், வாசலில் சுருண்டு கிடக்கும் எங்கள் நாய் செவலை எழுந்து வந்து கதவைப் பிறாண்டும். மன்னவனூரில் மார்கழிக் காலைகளில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். வெறுங்காலில் மிதித்தால் நொறுநொறுக்கும். செவலை ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். வெயில் விழுந்த மேட்டுக்கு வந்த பிறகுதான் நாலு காலையும் ஊன்றி நிற்கும்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீடுகளுக்குக் கீழே படிப்படியாகப் பூண்டுக்காடு, உருளைக்கிழங்குக்காடு, அதற்கும் கீழே ஓடை. பள்ளத்தாக்கு முழுக்கப் பூண்டு வாசம் அடிக்கும். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்த வாசம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. என் சின்ன வயதில் குதிரை முதுகில் மூட்டை ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து லாரியில் வடுகபட்டி சந்தைக்குப் போகும். குதிரை போன தடத்தை மோந்து மோந்தே செவலை எங்களைப் பாதி வழி பின்தங்க வைத்துவிடும். தாத்தா அதட்ட மாட்டார். "அது பேப்பர் படிக்குது தாயி, படிச்சிட்டு வரட்டும்" என்பார்.

ஓடைக்கு வந்ததும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கும். ஒரு ஐப்பசியில் நாலைந்து நாளாகத் தும்மிக்கொண்டே இருந்தது. மூக்கின் ஒரு துளையில் மட்டும் ரத்தம் கசிந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். தாத்தா ஒரு பகல் முழுக்க அதற்குத் தண்ணீர் காட்டவில்லை. மாலையில் கும்பாவில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து, குடிக்க விடாமல் தாடையைப் பிடித்து மூக்குக்கு நேராக வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் துளையிலிருந்து கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. தண்ணீர்ப் பக்கம் நீண்டது, உள்ளே போனது, மறுபடி நீண்டது. அட்டை! வழுக்காமல் இருக்க விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைத்திருந்த தாத்தா, அடுத்த முறை அது நீண்டதும் லபக்கென்று பிடித்து, மெல்ல இழுத்தே வெளியே எடுத்தார். அதன்பின் செவலை கும்பாவைக் காலி செய்தது.

ஓடையைத் தாண்டினால் ஆட்டுப்பண்ணைப் புல்வெளி. ராஜஸ்தானில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965-இல் இங்கே தன் கிளையைத் தொடங்கியது. எங்கள் ஊர்க் குளிர்தான் காரணம். பாரத் மெரினோ ஆடுகள் தூரத்திலிருந்து பார்த்தால் மேகம் இறங்கி மேய்வதுபோல் இருக்கும். வேலிப் பக்கம் வந்ததும் செவலையைத் தாத்தா கிட்டத்திலேயே வைத்துக்கொள்வார். மற்ற இடமெல்லாம் அவிழ்த்துவிட்டபடிதான்.

அந்தப் பழக்கத்தை ஒரே காலையில் மாற்றிக்கொண்டோம். சோலை ஓரத்தில் காட்டுமாடு ஒன்று கன்றோடு நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் கால்கள். செவலை குரைத்துக்கொண்டே பாய்ந்தது. மாடு தலையைத் தாழ்த்தி ஓரடி முன்னால் வைத்ததுதான் தாமதம், செவலை திரும்பி நேராக எங்களிடம் ஓடி வந்தது. பின்னாலேயே மாடும் வந்தது. தாத்தா என்னைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டு அசையாமல் நின்றார். பத்தடி தூரத்தில் மாடு நின்றது. அது மூச்சு விட்டதில் புகை வந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு கன்றிடம் திரும்பிப் போனது.

"நாய் பயந்தா நம்ம கால்ல வந்துதான் ஒளியும். தொரத்துறதும் கூடவே வரும். தப்பு என் மேலதான் தாயி." அன்றைக்குத் தோளில் கிடந்த துண்டாலேயே செவலையைக் கட்டி அழைத்து வந்தார். மறுநாள் முதல் கயிறு. அடுத்த ஒன்பது வருடமும் அந்தக் கயிற்றின் மறுமுனை என் கையில்தான் இருந்தது.

இப்போது பரிசல் ஓட்டும் மன்னவனூர் ஏரிப் பக்கம் நாயோடு வருகிறவர்கள் அதிகம். அவ்வளவு பெரிய புல்வெளியைப் பார்த்ததும் சங்கிலியை அவிழ்த்துவிடத்தான் தோன்றும். தயவுசெய்து அவிழ்க்காதீர்கள். சோலை ஓரத்தில் கன்றோடு ஒரு தாய் நிற்கக்கூடும்.