பொனட்டைப் புரட்டிப் பாருங்கள்

கொள்ளுப்பிட்டியில் ரிவர்ஸ் எடுத்த வேன் ஒன்று எங்கள் காரின் பொனட்டை நசுக்கிவிட்டது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திறந்தும் புதுக் கார் நமக்கு எட்டாது. இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் இரண்டு காட்டினார்கள்: ஜப்பானில் கழற்றிய பாவித்த ஒரிஜினல், அதைவிட மலிவான புது டூப்ளிகேட். புதியது பளபளத்தது. ஆனால் பொனட் வெறும் மூடியல்ல. மோதினால் நடுவில் மடிந்துகொடுக்கவே அதன் உள்சட்டம் அமைந்திருக்கிறது. மடியாவிட்டால் தகடு முன்கண்ணாடியை நோக்கி வரும். பூட்டு பிசகினால் ஹைவேயில் காற்றே அதைத் தூக்கிவிடும்.

துரு, ஒட்டுவேலை இல்லையென்று புரட்டிப் பார்த்து ஒரிஜினலையே எடுத்தோம். பெயின்ட் அடிக்க முன் பொருத்தி, இருபக்க இடைவெளி சமமா, இரண்டாவது கொக்கியும் பிடிக்கிறதா என்று பாஸிடம் பார்க்கச் சொன்னோம்.

நம் கார்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாடசாலைக்கு வருகிறார்கள். அவர்கள் அமானிதம். மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்ப்போம்.