மனுவில் எழுதாமல் விட்ட வரி

எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி வாசிக்கும் சிறு குழு எங்களுடையது. கூடுமிடம் பெரும்பாலும் அந்த மரத்தடிதான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தபோது ஊரின் முதுமரங்கள் பல வேரோடு சாய்ந்தன. எங்கள் மரம் இரண்டு கிளைகளை இழந்து நின்றது. அதன்பிறகு ஊரில் பெரிய மரம் எதைப் பார்த்தாலும் நிழலுக்கு முன்பாக ஆபத்தே நினைவுக்கு வரத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து அதை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம்.

நல்ல மனு என்றுதான் நினைத்தோம். மரத்தின் தாவரவியல் பெயர், அதன் சுற்றளவு, நிழல் விழும் பரப்பு, கரியமில வாயு, நகர வெப்பம், அடையும் பறவைகள் என எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருந்தோம். அலுவலகத்தில் முத்திரை குத்தி ரசீதும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. மாலைக்குள் அடிமரம் மட்டும் எஞ்சியது. பதில் கடிதம் என்று எதுவும் வரவில்லை.

அன்றிரவு நாங்கள் முசே வீட்டுக்குப் போனோம். பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்களில் மூவருக்கு ஆசிரியர். ஊர் வழக்கப்படி இன்றும் அவர் எங்களுக்கு முசேதான். மனுவின் நகலை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு முறை படித்தார். "இதில் இருக்கிறதெல்லாம் எந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கும் பொருந்துமேப்பா. நீங்கள் உட்கார்ந்து படித்த மரம் எங்கே?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பதினோரு ஆண்டுகள் அதன் கீழே உட்கார்ந்து படித்தோம், சண்டையிட்டோம், எங்களில் ஒருத்தியின் முதல் கதையை அங்கேதான் கேட்டோம். அதையெல்லாம் மனுவில் எழுத வெட்கமாக இருந்தது. அரசுக் காகிதத்தில் அதற்கு இடம் கிடையாது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

அதை எழுத வெட்கப்படாத ஓர் ஓவியனைப் பற்றி முசே அன்று பேசத் தொடங்கினார். அடுத்த சில மாதங்கள் எங்கள் வாசிப்பு அந்தத் திசையிலேயே போயிற்று.

பாரிசுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தேன்புளோ காடு இருக்கிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னர்களின் வேட்டைக் காடு. ஓக், பீச் மரங்களின் முதுநிலைத் தோப்புகளும் மணலும் பெரும்பாறைகளும் கலந்த நிலம். அதன் ஓரத்துச் சிற்றூர் பார்பிசோன். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இளம் ஓவியர்கள் அங்கே வந்து, கான் என்ற குடும்பத்தின் விடுதியில் மலிவாகத் தங்கி, பகலெல்லாம் காட்டில் உட்கார்ந்து வரைந்தார்கள். புராணக் காட்சிக்கோ போர்க் காட்சிக்கோ பின்னணியாக மட்டுமே மரம் வரையப்பட்ட காலம் அது. மரத்தையே நாயகனாக்கிய கூட்டம் இவர்களுடையது. அவர்களில் முதன்மையானவர் தியோடர் ரூசோ. தத்துவவாதி ரூசோ வேறு, இவர் வேறு. 1812இல் பாரிசில் பிறந்தவர். 1836 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அரசின் ஓவியக் கண்காட்சியான சலோனில் இவருடைய படங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பெரும் நிராகரிக்கப்பட்டவர் என்பதே இவருடைய பட்டப்பெயராயிற்று.

அதே ஆண்டுகளில் வனத்துறை முதுமரங்களை வெட்டி விற்றுவந்தது. வெற்றிடங்களில் வேகமாக வளரும் பைன் மரங்களை நட்டது. வனத்துறையின் கணக்கில் முதிர்ந்த ஓக் என்பது அறுவடைக்குக் காத்திருக்கும் பயிர். ரூசோவுக்கோ அவை தனித்தனியே முகமுள்ளவை. மரங்களின் குரல் தமக்குக் கேட்டதாக அவர் கூறியதை, அவருடைய நண்பரும் வரலாற்றை எழுதியவருமான அல்ஃப்ரெத் சென்சியே பதிவு செய்திருக்கிறார். 1847இல் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படும் காட்சியை ரூசோ வரைந்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை'. ஏரோது மன்னன் பெத்லகேமின் பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற விவிலியக் கதையின் பெயரை ஒரு மரவெட்டுக்குச் சூட்டினார். அந்த ஓவியம் இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ளது.

1852இல் சென்சியேயின் துணையுடன் ரூசோ ஒரு மனு எழுதினார். பெறுநர், மூன்றாம் நெப்போலியனுக்குத் தாய் ஒன்றாகவும் தந்தை வேறாகவும் அமைந்த சகோதரரும் ஆட்சியில் செல்வாக்கு மிக்கவருமான மோர்னி. அந்தக் காட்டை வரையும் கலைஞர்கள் அனைவரின் பெயராலும் எழுதுவதாக ரூசோ சொல்லிக்கொள்கிறார். ஓவியர்கள் பயிலும் இடங்களை, அழகால் பேர்பெற்ற இடங்களை, வனத்துறையின் கைக்கு எட்டாதபடி ஒதுக்கிவையுங்கள் என்பதுதான் கோரிக்கை. மரத்தின் விலை பற்றியோ மண்ணரிப்பு பற்றியோ வாதம் இல்லை. நாங்கள் இவற்றைப் பார்த்து வரைகிறோம், ஆகவே இவை நிற்க வேண்டும். எங்கள் மனுவில் நாங்கள் எழுதக் கூசிய அந்த வரிதான் அவருடைய மனுவின் முழுச் சரக்கும்.

அது பலித்தது. 1853இல் 624 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. 1861இல் பேரரசின் ஆணைப்படி 1,097 ஹெக்டேர், 'கலைப் பகுதி' என்ற பெயரிலேயே வெட்டுக்கு விலக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல்தான் வந்தது. இயற்கையை அதன் பொருட்டே காக்க அரசு ஆணையிட்ட உலகின் முதல் நிகழ்வுகளில் இது ஒன்று. அதன் மூலகாரணம் பத்தாண்டுகளுக்கு மேல் கண்காட்சியில் இடம் மறுக்கப்பட்ட ஓர் ஓவியனின் மனு என்பதை அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஆனால் முசே எங்களை அந்த மகிழ்ச்சியில் நிற்கவிடவில்லை. இரண்டு பெயர்களைச் சொல்லி, அவர்களையும் படித்துவிட்டு வரச் சொன்னார்.

முதலாவது பெயர் போத்லேர். ஃபோந்தேன்புளோவில் தெனெகூர் என்றொருவர் இருந்தார். முதலாம் நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். நம் ஊர் மொழியில் சொன்னால் ஒரு சொல்தா. காட்டுக்குள் தம் கைப்பணத்தில் நடைபாதைகளை அமைத்து, நீலநிற அடையாளங்களை இட்டு, வழிகாட்டி நூல்களை எழுதி, பாரிஸ் மக்களைக் காட்டுக்கு நடக்கவைத்தவர். 1855இல் அவரைச் சிறப்பித்து ஒரு தொகுப்பு நூல் வந்தது. அதற்கு எழுதக் கேட்டபோது, காய்கறிகளைப் பார்த்து உருக என்னால் ஆகாது என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதி, கூடவே நகரத்து அந்தியைப் பற்றிய எழுத்துகளையும் அனுப்பிவைத்தார் போத்லேர். அவருடைய உரைநடைக் கவிதைகள் முதன்முதலில் அச்சானது அந்தக் காட்டுத் தொகுப்பில்தான் என்பது இலக்கிய வரலாற்றின் வேடிக்கை. அழகு என்பதை மரத்தில் காண்பது ஒரு சிலருடைய சுவை மட்டுமே என்று நினைவூட்டுகிறது அந்தக் கடிதம். ஒருவருடைய சுவை, இன்னொருவர் மீது எப்படிச் சட்டமாகும்?

இரண்டாவது பெயர் மிய்யே. ரூசோவின் பார்பிசோன் அண்டைவீட்டுக்காரர், உற்ற நண்பர். 1867இல் ரூசோ இறந்தபோது உடனிருந்தவர். அதே காட்டில் அவர் கண்டது வேறு. சுள்ளிக் கட்டுகளின் கீழ் உருவம் மறைந்துபோன பெண்களை அவர் வரைந்தார். சுமையின் பக்கத்தில் சரிந்து அமர்ந்த கிழ விறகுவெட்டியை மரணம் வந்து அழைக்கும் ஓவியத்தை 1859ஆம் ஆண்டு சலோன் ஏற்க மறுத்தது. ரூசோவின் மனுவில் அந்தச் சுள்ளிக்காரிக்கு இடமில்லை. ஓவியனின் கண்ணுக்காகக் காட்டை ஒதுக்கும்போது, அடுப்புக்காக அதை நம்பியிருப்பவர் எங்கே போவார் என்ற கேள்வியை, எதிர்வீட்டிலேயே ஒருவர் வரைந்துகொண்டிருந்தார்.

ஆகவே அழகு ஒரு குறுகிய காரணம்தான். ஆனால் அந்தக் குறுகிய காரணம் காட்டுக்கு அவகாசம் வாங்கித் தந்தது. அந்த அவகாசத்தில் மற்றக் காரணங்கள் வந்து சேர்ந்தன. 1872இல் காட்டுக்கு மீண்டும் ஆபத்து வந்தபோது கலைஞர்கள் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அதற்காக எழுதிய ஜோர்ஜ் சாந்த், காடு கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று, எல்லோருக்கும் உரியது என்றும், மரங்கள் அழிந்தால் பூமியே வறண்டுபோகும் என்றும் வாதிட்டார். 20ஆம் நூற்றாண்டில் அதே முதுதோப்புகளில் சில, உயிரியல் ஒதுக்கங்களாயின. பட்டுப்போன மரத்தையும் அகற்றாமல் விட்டு அறிவியலாளர்கள் அங்கே பயில்கிறார்கள். இன்று ஐ.யூ.சி.என். என்று அறியப்படும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1948 அக்டோபரில் நிறுவப்பட்டதும் ஃபோந்தேன்புளோவில்தான்.

இவ்வளவையும் படித்துமுடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமக்கும் ஒரு பழங்காடு இருக்கிறதே என்று எங்களில் ஒருவர் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அரைமணி நேரப் பயணம். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அது. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் ஒரு காலத்தில் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சம். காயா, வீரை, பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை, இவற்றைப் பின்னிய கொடிகள். உயரம் அதிகமில்லை. ரூசோ வரைந்த ஓக் மரங்களின் கம்பீரத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது வெறும் புதராகவே தோன்றும். எங்களுக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றிற்று. பொங்கல் வைக்கப் போனோம், வண்டிக்குப் பூசை போடப் போனோம், காட்டைப் பார்த்ததில்லை.

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலாளர்கள் தென்னிந்தியத் தாவரப் பரப்பை வரைபடமாக்கினார்கள். செம்மண் அரித்துக்கிடந்த ஆரோவில் மேட்டில் இந்த நிலத்துக்குரிய மரங்களை மீட்க முயன்றவர்கள், விதை தேடி இத்தகைய கோயிற்காடுகளுக்கு வந்தார்கள். மற்ற இடங்களில் அழிந்த மரங்களுக்கு இங்கேதான் தாய்மரம் நின்றது. இதை இத்தனை காலம் காத்தது ஆணையும் இல்லை, மனுவும் இல்லை. அய்யனார் மீதான அச்சம். அந்த அச்சத்துக்கு வடிவம் கொடுத்தவரும் ஒரு கலைஞர்தான்: பிதுங்கும் கண்களும் விரிந்த நாசியுமாக அய்யனார் கோயில்களுக்குச் சுடுமண் குதிரை செய்து நிறுத்திய குயவர். இரவில் அய்யனார் அதில் ஏறி எல்லை சுற்றிவருவார் என்று கேட்ட பிள்ளை, வளர்ந்தபின்னும் காட்டில் கோடரி வைக்கத் தயங்கியது.

அன்று காட்டோரம் நடந்தபோது எங்களில் ஒருவர் கீழே கிடந்த காய்ந்த குச்சியை எடுத்து, பேசிக்கொண்டே ஒடித்தார். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி பார்த்துவிட்டார். "அத அங்கயே போட்ருங்க சாமி. இந்தக் காட்டுல காஞ்ச குச்சிகூட வெளிய போவக்கூடாது" என்றார். வீட்டில் எதை எரிக்கிறீர்கள் என்று கேட்டோம். "இப்ப கேஸு. அப்பல்லாம் சவுக்குத் தோப்புல பொறுக்குவோம். இங்க கை வச்சதில்ல" என்றார். மிய்யேயின் சுள்ளிக்காரி எங்கள் முன்னால் நின்றார். அங்கே ஓவியனும் அவளும் ஒரே காட்டின் இரு தரப்பாக இருந்தார்கள். இங்கே காட்டைக் காத்ததே அவர்தான். விலையையும் அவரே கொடுத்திருக்கிறார், தொலைவிலிருந்து விறகு சுமந்த கழுத்தால்.

அந்த அச்சம் எவ்வளவு நாள் தாங்கும் என்று திரும்பும் வழியில் பேசினோம். பல ஊர்களில் கோயில் வளரக் காடு சுருங்குவதைப் பார்க்கிறோம்: மண்டபம், சிமென்ட் தளம், வண்டி நிறுத்துமிடம். அச்சம் குறைந்தவருக்கு வேறொரு காரணம் வேண்டும். அறிவியல் தன் பங்கைச் சொல்லிவிட்டது. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் சொல்ல வேண்டியது மிச்சமிருக்கிறது.

கடற்கரைக்கு அருகில் இன்னொரு தெருவில் ஒரு முதிய பூவரசு நிற்கிறது. அதன்மேலும் சிவப்புச் சாயத்தில் எண் எழுதிவிட்டார்கள். இந்த முறையும் மனு எழுதுகிறோம். வேரின் உறுதியைச் சோதித்துச் சொல்ல வல்லுநர் ஒருவரை அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். புயலின் அச்சமும் நியாயமானதே. அதன் நிழலில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மாவையும் கையெழுத்திடக் கேட்டோம். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "முதல்ல என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றார். படித்தோம். 'இந்த மரத்தடியில் நாங்கள் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறோம். இது எங்களுக்கு வேண்டும்' என்பதே முதல் வரி. தாவரவியல் பெயர் இரண்டாம் பக்கத்தில் வருகிறது.