மூக்குக்கு முதல் மரியாதை

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? புதிதாக ஒரு பூனைக்குட்டி கொண்டுவரலாம் என்று யோசனையா? கொஞ்சம் பொறுங்கள். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், காங்கேயம் பக்கம் அம்மாயி தோட்டத்துக்குப் போயிருந்தோம். (வெளியூர்க்காரர்களுக்கு: அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள்.) திரும்பும்போது என் மகள் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியோடு காரில் ஏறிவிட்டாள். கோவையில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே மணி இருக்கிறான். நாட்டு நாய். கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர உலகத்தில் யாரோடும் அவனுக்குப் பகை கிடையாது.

வீடு வந்ததும் குட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மணியின் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "பார்றா, உன் தங்கச்சி" என்றேன். மணி சந்தோஷத்தில் ஒரு குரை குரைத்தான். அவ்வளவுதான். அவன் மூக்கில் ஒரு கீறல், என் மணிக்கட்டில் நாலு கீறல், காம்பவுண்டு சுவரில் ஒரு தாவல். குட்டியைக் காணோம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரை நாலு தெரு சுற்றினோம். வரவே இல்லை.

ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்ப்பா, எதுக்கு அதைப் புடிச்சு நீட்டினே?"

நாயும் பூனையும் பிறவிப் பகை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், அவள்தான் அம்மாயியின் சாளையைப் பார்த்தவளாயிற்றே! அங்கே மத்தியான வெயிலில் நாய் படுத்திருக்கும். அதன் முதுகில் கோழிக்குஞ்சு ஏறி நிற்கும். கட்டுத்தரையில் எருமைக் கன்றின் காலடியில் பூனை தூங்கும். பிறவிப் பகை என்றால் அங்கே தினம் ஒரு கொலை விழ வேண்டும்.

1930-ல் ஜிங் யாங் குவோ என்ற சீன விஞ்ஞானி இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். தாய்ப்பூனை எலி கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 குட்டிகள் எலி கொன்றன. பிறந்ததிலிருந்து எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை மூன்றே மூன்று. அந்த மூன்றும்கூட தன்னோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. பூனைக்கும் எலிக்குமே இந்தக் கதை என்றால், நாய்க்கும் பூனைக்கும் என்ன பிறவிப் பகை?

2008-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் என்ற இருவர் நாயும் பூனையும் சேர்ந்து இருக்கும் வீடுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனை முதலில் குடிவந்து, நாய் பிறகு வந்தால் சிநேகம் சுலபமாம். பூனைக்கு ஆறு மாசத்துக்குள், நாய்க்கு ஒரு வயசுக்குள் என்றால் இன்னும் நல்லது. சிறுவயதில் பழகியவை ஒன்றின் பாஷையை மற்றொன்று கற்றுக்கொள்கின்றன. இந்தப் பாஷைதான் பெரிய வில்லங்கம். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் 'வா, விளையாடலாம்'. பூனை வாலைச் சுழற்றி அடித்தால் 'கிட்டே வராதே'. மணி ஆட்டினானே, அது அந்தக் குட்டிக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்!

எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். நாய் முதலில் வந்துவிட்டது, வயசும் ஆகிவிட்டது. இருந்தாலும், அடுத்த வருஷம் அம்மாயி கண் ஆபரேஷனுக்கு கோவை வந்தபோது, கூடையில் ஒரு கறுப்புக் குட்டியும் வந்து இறங்கியது. பேத்தி மகளுக்குச் சீராம்!

நான் குட்டியைத் தூக்கப் போனேன். அம்மாயி கையைத் தட்டிவிட்டாள். கண்ணில் பச்சைத் துணி கட்டியபடியே ஒரு கேள்வி:

"ஏங்கண்ணு, ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா, வாசல்லயே புடிச்சு மூஞ்சியோட மூஞ்சி முட்ட வெப்பியா?"

"இல்லீங்க அம்மாயி."

"அப்புறம்? மொதல்ல ஒரு ரூம்புல உடு. தண்ணி குடிக்கட்டும்."

குட்டி பின்னறையில் ஒரு வாரம் இருந்தது. மணல் தட்டு, தண்ணி, கருவாட்டுச் சோறு எல்லாம் உள்ளே. அம்மாயி தன் பழைய சேலையைக் கிழித்து, ஒரு துண்டைக் குட்டிக்கும் ஒரு துண்டை மணிக்கும் படுக்கையாகப் போட்டாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிப் போடுவாள். மணி அந்தத் துணியை மோந்து மோந்து பார்த்தான். அப்புறம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவன் வட்டில், அந்தப் பக்கம் அதன் வட்டில். வாசனை வந்தால் சோறும் வரும் என்று இரண்டுக்கும் பதிந்துவிட்டது. கண்ணுக்கு வேலையே இல்லை, மூக்குக்குத்தான் முதல் மரியாதை.

பிறகுதான் கிரில் கதவு வழியாகத் தரிசனம். அதற்கும் பிறகு நேரில். மணி சங்கிலியில். குட்டி யார் கையிலும் இல்லை, தரையில். தாவி ஏற அலமாரி உச்சியைக் காலி செய்து வைத்திருந்தோம். ஐந்தே நிமிஷம். நாய் குரைப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, வைத்த கண் வாங்காமல் பார்க்கிறதா? அன்றைக்கு அத்துடன் கதவைச் சாத்திவிடுங்கள். இரண்டுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். இதில் அம்மாயிக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு.

மூன்றாவது வாரம் மணி சோபாவுக்கடியில் படுத்திருக்க, குட்டி போய் அவன் மூக்கோடு மூக்கு வைத்தது. பூனை பூனைக்குச் சொல்லும் வணக்கம் அது. மணி தும்மினான். மகள் கைதட்டப் போனாள், நான் வாயைப் பொத்தினேன்.

தைரியம் வந்துவிட்டது எனக்கு. வீடு மாற்றிப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தருகிறேன் என்றதும் தலையாட்டிவிட்டேன். அம்மாயி ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்தச் சம்பந்தம் ஆகாது கண்ணு." கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். பூனை கடிக்கக்கூட வேண்டாமாம். நகமோ பல்லோ லேசாகப் பட்டால் போதும், அதிலிருக்கும் கிருமியே குருவியைக் கொன்றுவிடும். எதையும் எதோடும் பழக்கிவிடலாம் என்பதும் என் பழைய அவசரத்தின் தம்பிதான். கூண்டு வேறு வீட்டுக்குப் போனது. (பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்!)

அம்மாயி ஊருக்குப் போய்விட்டாள். கறுப்பி இப்போது மணியின் வயிற்றில் சாய்ந்து தூங்குகிறாள். மகள் மட்டும் ராத்திரியானால் காம்பவுண்டு சுவர் ஓரம் ஒரு கொட்டாங்குச்சியில் கருவாட்டுச் சோறு வைக்கிறாள், சாம்பல் குட்டி வந்தால் சாப்பிட. காலையில் காலியாக இருக்கும். அதை காலி செய்வது மணிதான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.