சைகோனில் ஒரு பழைய பாணி விடுதி

“பெரிய ஹோட்டல் இல்லப்பா. இருபது ரூம்தான். எல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்து மாதிரியே செஞ்சு வெச்சிருப்பாங்க. புட்டிக் ஹோட்டல்னு பேரு” என்றாள் மகள். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே பிறந்தவன் அதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் ஊர் சைகோன் ஆயிற்றே! மறுபேச்சுப் பேசாமல் நானும் மனைவியும் கிளம்பினோம்.

புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களுக்கு சைகோனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1881-இல் வந்த ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர், அங்கே சுங்கம், காவல், சந்தை வரி என்று உத்தியோகம் பார்க்கப் போனார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அப்படிப் போனவர்தான். மெஸ்ஸாழெரி மரித்திம் கம்பெனிக் கப்பலில் போய், சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷனோடு திரும்பினார். அந்தக் கம்பெனியின் கட்டடம் ஆற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. ஹோ சி மின் 1911-இல் அங்கிருந்துதான் கப்பலேறினார். இப்போது அது அவர் பெயரிலான அருங்காட்சியகம்.

எங்கள் விடுதி, தேவாலயத்திலிருந்து ஆறு வரை போகும் பழைய கத்தினா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. வீதியின் பெயர் இப்போது தோங் கோய். 1976-இல் நகரத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் டாக்சிக்காரர் முதல் பூக்காரி வரை எல்லோரும் சைகோன் என்றே சொல்கிறார்கள். ஒரு இரவுக்குப் பதினாறு லட்சம் என்று பில்லில் பார்த்ததும் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டாங் கணக்கு அது. நம் பணத்தில் ஐயாயிரத்துச் சொச்சம்.

அறை நன்றாகவே இருந்தது. தரையில் பூப்போட்ட சிமெண்ட் ஓடுகள், பச்சை வண்ணம் பூசிய வரிப்பலகைச் சன்னல்கள், மேலே மரச் சிறகு மின்விசிறி. குளிர்சாதனம் தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் விசிறிக்கு வேலை இல்லை. மேசையில் கறுப்பு டயல் தொலைபேசி. எடுத்துக் காதில் வைத்தேன், சத்தமே இல்லை. பேசுவதற்கு வேறு ஒன்று கட்டிலருகே இருந்தது. கூடத்தில் நாடா இல்லாத தட்டச்சுப் பொறி ஒன்று. அது மட்டும் அசல். ‘ஏ, ஸெட்’ என்று தொடங்கும் பிரெஞ்சு வரிசை விசைகள். முப்பத்தொரு வருடம் தட்டச்சோடு வாழ்ந்த விரல்கள் சும்மா இருக்குமா? இரண்டு வரி தட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சன்னலைத் திறந்தால் ஆறு. ஆகாயத்தாமரைக் கூட்டம் காலையில் கடல் பக்கம் போகும். ஓதம் ஏறினால் தண்ணீர் பின்னோக்கித் திரும்பி, தாமரையும் கூடவே வந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்காரலாம்.

மாடிப்படி நெடுக சட்டம் போட்ட பழைய காகிதங்களை மாட்டியிருந்தார்கள். சோப்பு விளம்பரம், கப்பல் கால அட்டவணை, தபால் அட்டைகள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் இருந்த ஒரு காகிதம் என்னை நிறுத்தியது. “ஏன் படியிலேயே நின்னுட்டீங்க? மூச்சு வாங்குதா?” என்று கேட்டாள் மனைவி. மூச்சு வாங்கவில்லை. என் உத்தியோகத்தில் பன்னிரண்டு வருடம் எத்தா சிவில் பிரிவில் கழிந்தது. அந்தக் காகிதத்தின் அமைப்பைத் தூரத்திலிருந்தே கண்டுகொண்டேன்.

அது ஒரு பிறப்புப் பதிவின் முழு நகல். 1948-இல் சைகோனில் பிறந்த பெண் குழந்தை. தாயின் பெயர், தொழில் சிறு வியாபாரம். தந்தை இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’. கீழே முத்திரை, கையெழுத்து. பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒருவருக்குத் திருமணம் நடந்தாலும், அவர் இறந்தாலும், பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பார்கள். இந்த நகலில் ஓரம் காலி. நகல் எடுத்த நாள்வரை அந்தப் பெண்ணுக்கு அப்படி எதுவும் பதிவாகவில்லை. இன்று உயிரோடு இருந்தால் எனக்கு இரண்டு வயது மூத்தவள்.

பார்ப்பவர்களுக்கு அது அழகான கையெழுத்தும் மங்கிய முத்திரையும்தான். எங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒரு தாளைத் தேடிக்கொண்டு எத்தனை பேர் வந்திருப்பார்கள்! பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன், சொத்து எல்லாம் அந்த ஒரு தாளில் நிற்கும். தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதால் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் பெயர் இல்லாத தாளைக் கொண்டுவருகிறவர்கள் அதை நான்காக மடித்து, மற்றவர் கண்ணில் படாமல்தான் நீட்டுவார்கள். இங்கே அது பித்தளை விளக்கின் வெளிச்சத்தில் தொங்கியது.

கீழே வரவேற்பில் இருந்த பெண்ணை அழைத்து வந்தேன். பேத்தி வயதுதான் இருக்கும். அவர்கள் மொழியும் ரோமன் எழுத்தில்தான் என்பதால் பெயர்களைக் கூட்டி வாசித்தாள், பிரெஞ்சு தெரியாது. நான் வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். தந்தை வரிக்கு வந்ததும் அவள் முகம் மாறியது. லே கோங் கியூ தெருவில், பழம்பொருள் கடையில், கட்டாக வாங்கினோம் என்றாள். விருந்தினர்கள் அதிகமாகப் படம் எடுப்பது இதைத்தானாம்.

“யாரோ ஒருவருடைய அம்மாவாக இருக்கலாம் அம்மா” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல நான் யார்?

மறுநாள் மாலை அந்த இடத்தில் ஒரு கப்பல் படம் தொங்கியது. காகிதம் எங்கே என்று கேட்டேன். தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உறைக்குள் போட்டு, என்ன காகிதம் என்று நான் சொன்னதை மேலே தன் மொழியில் எழுதி வைத்திருந்தாள். ஐந்தரைப் பக்கம் மட்டுமே ஆங்கிலம் படித்த லிசே பையனின் பிரெஞ்சு, ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் உபயோகப்பட்டது.

பழைய பாணியில் விடுதி நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஓடும் விசிறியும் யாருக்கும் சொந்தமில்லை. எத்தனை வேண்டுமானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். பெயர் எழுதிய தாள் அப்படியல்ல, அதற்கு உரியவர் ஒருவர் உண்டு. நம் ஊரிலும் பழைய வீடுகள் விடுதிகளாகி, சுவர்களில் யார் யாருடைய கல்யாணப் படங்களோ தொங்குகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். பரணில் சைகோன் பெட்டி வைத்திருப்பவர்கள், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பாருங்கள். முத்திரை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரியாதென்றால், தெரிந்த என் போன்ற கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். சீக்கிரம் கேளுங்கள்.