மகள் படிக்கப் போகும் ஊர்

கோழிக்கு அறபில் என்ன என்று என் மகளிடம் கேட்டால் "தஜாஜ்" என்பாள். நான் "தியாய்" என்பேன். அவள் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் அறபு படித்தவள். நான் குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நான்கு வருடம் நின்றவள். "உம்மா, நீங்க பேசுறது அறபே இல்ல" என்று சிரிப்பாள். எனக்கும் அது சரியென்றே படும். எழுதத் தெரியாது, இலக்கணம் தெரியாது, வேலைக்காரியின் பாஷைதானே என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

பட்டம் முடிந்ததும், பேச்சும் நன்றாக வரவேண்டும், ஓர் அறபு நாட்டில் ஒரு வருடமாவது இருந்து படிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் என் பாஷைக்கும் வீட்டில் ஓர் இடம் கிடைத்தது.

நாங்கள் மன்னார் ஆட்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தோம். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. மகளுக்கு மூன்று வயதானபோது அவளை என் உம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனேன். ஆகவே வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் உடனே சந்தோஷம் வராது.

மகள் ஒரு கொப்பியில் ஊர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். முன்பெல்லாம் அறபு படிக்க விரும்பும் வெளிநாட்டார் தேடிப்போன ஊர் டமஸ்கஸ். மருத்துவத்தைக்கூட அறபு மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 2011இல் யுத்தம் தொடங்கியது. 2024 டிசம்பரில் ஆட்சி மாறினாலும் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. செலவு குறைந்த ஊர் என்று பெயர்பெற்றிருந்த யெமனின் சனாவும் 2014க்குப் பிறகு யுத்தத்தில் சிக்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் படித்த சூடானின் கார்ட்டூமில் 2023 ஏப்ரலில் சண்டை மூண்டது. மூன்று பெயர்களையும் அவள் பேனாவால் வெட்டினாள். எனக்கோ அங்கே படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளின் நினைவுதான். அவர்கள் கொப்பி புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்களா, விட்டுவிட்டு ஓடியிருப்பார்களா?

மொரோக்கோவின் பாஸ் நகரை அவளுக்கு நிரம்பப் பிடிக்கும். அங்குள்ள கறவிய்யீன் பள்ளிவாசலையும் அதோடு வளர்ந்த கல்விக்கூடத்தையும் 859இல் பாத்திமா அல் பிஹ்ரி என்ற பெண் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே தெருவில் பேசுவது வேறு மாதிரி அறபு. பிரெஞ்சும் கலக்கும். கிழக்கே இருக்கும் அறபிகளுக்கே அது இலேசில் விளங்காது. ரியாதில் பெண்களுக்கென்றே இளவரசி நூரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அறபைத் தாய்மொழியாகக் கொள்ளாத பெண்களுக்கு மொழி கற்பிக்கும் பிரிவும் அதில் உண்டு. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் முதலிடம் என்றேன். "கம்பஸுக்குள்ள பூட்டி வச்சா நான் யாரோட பேசிப் பழகுற?" என்றாள். அது அவளுடைய பயம். நேரில் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை.

மிஞ்சியவை அம்மானும் கெய்ரோவும். ஜோர்தானில் பேசும் அறபு இனிமையானது, புத்தக அறபுக்குக் கிட்ட நிற்பது என்று அவளுடைய விரிவுரையாளர் சொன்னாராம். ஆனால் ஒரு ஜோர்தான் தினார் ஒரு டொலரிலும் பெறுமதி கூடியது. 2022இல் எங்கள் ரூபா விழுந்த விழுக்காட்டைத்தான் எல்லோரும் பார்த்தோமே, 200க்குக் கிடைத்த டொலர் 360ஐத் தாண்டியது. எகிப்தின் பவுணும் அதே காலத்தில் விழுந்தது. 2022 தொடக்கத்தில் டொலருக்கு 16 அளவில் இருந்தது 2024இல் 50 அளவுக்குப் போனது. அந்த நாட்டுச் சனத்துக்கு அது பெரிய கஷ்டம். வெளியிலிருந்து போகிறவர்களுக்குச் செலவு குறைந்தது.

காசை விடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. "படிச்சு வந்து என்ன செய்யப் போறீங்க மகள்?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்றாள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் நம் பெண்களின் கடிதாசிகளை வாசித்துக் கொடுக்க வேண்டுமாம். நான் வேலை செய்த வீட்டில், நாடு திரும்பும் நாளில் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். நான்கு மாதச் சம்பளம் வரவேயில்லை. எப்போதோ ஒரு தரம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் மறக்கவில்லை.

அப்படியானால் கடதாசி வாசிக்கவும் வேண்டும், ஆட்களோடு பேசவும் வேண்டும் என்றேன். கடதாசி எந்த நாட்டிலும் புத்தக அறபில்தான் இருக்கும். பேச்சுத்தான் ஊருக்கு ஊர் மாறும். "இப்போது" என்பதற்குப் புத்தகத்தில் அல்ஆன், குவைத்தில் அல்ஹீன், கெய்ரோவில் தில்வஅத்தி. குவைத்தில் ஏஷ் என்றால் சோறு, கெய்ரோவில் அதே ஏஷ் ரொட்டி. ஆனாலும் கெய்ரோப் பேச்சு எல்லா அறபிக்கும் விளங்கும். நான் வேலை செய்த வீட்டு மாமா பின்னேரமானால் எகிப்து நாடகத்தின் முன்னால் இருந்துவிடுவார். அதைச் சொன்னதும் மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கொப்பியைத் திருப்பி, நான் சொன்ன சொற்களை எழுதத் தொடங்கினாள்.

கெய்ரோ என்று முடிவாயிற்று. தெருவில் பெண்களுக்குத் தொந்தரவு உண்டென்பது எனக்குத் தெரியாததல்ல. 2014இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது, தொந்தரவு நிற்கவில்லை. அதனால் பெண்கள் விடுதி வகுப்புக்கு நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். முகவர் ஒருவர் சுற்றுலா விசாவில் முதலில் போகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அப்படிப் போய்ச் சிக்கிய பெண்கள் எத்தனை பேரைக் கண்டவள் நான்! படிப்பிடத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்கவில்லை. பட்டச் சான்றிதழை வெளிநாட்டு அமைச்சிலும் தூதரகத்திலும் உறுதிப்படுத்த நாங்களே கொழும்புக்கு அலைந்தோம். எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி என் அலுமாரியில் இருக்கிறது.

அடுத்த மாதம் பயணம். நேற்று என் உம்மா மகளைக் கூப்பிட்டு எத்தனை காலம் என்று கேட்டார். ஒரு வருடம் என்றாள் மகள்.

"ஒன்ட உம்மாவும் ரெண்டு வருஷம் எண்டுதான் சொல்லிட்டுப் போனா" என்றார் அவர்.