தம்பிக்கு, தெள்ளாரிலிருந்து

தெள்ளார்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அறிக்கையை முழுதும் படித்தேன். விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்புவதைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, கவசத்தின் சூடு இவ்வளவைத் தாண்டாது என்று முடித்திருக்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

எழுபது, எண்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறும். கலம் நுழையும் கோணமும் துளி பிசகும். இதற்கெல்லாம் எண்களை மாற்றி மாற்றி ஓட்டும் மான்டி கார்லோ முறை சரிதான். ஆனால் கவசத்தின் மேற்பரப்பு வேறு சங்கதி. அதிர்ச்சி அலையில் உடைந்த ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்கள் கவசத்தில் பட்டு மறுபடி சேர்ந்தால், அந்தச் சூட்டையும் கவசமே வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு சேரும் என்பது சரியாகத் தெரியாத ஒன்று. அதற்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்து, மணி வடிவில் பரப்பிவிட்டாய். முழுதும் சேர்வதாக ஒன்று, சேரவே சேராததாக ஒன்று என்று இரண்டு கோடிகளையும் தனித்தனியே ஓட்டிப் பார்.

அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார், அவரிடமும் சொன்னேன். இழை அறுந்தால் முடிந்துவிடலாம், பாவுக்கே சாயம் தப்பியிருந்தால் எத்தனை முழம் நெய்தால் என்ன என்றார். உன் வழிகாட்டியைவிடச் சுருக்கம்.

1981 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறை திரும்பியபோது நடந்தது இதுதான். வால்பக்கத்து மடலை 7.5 டிகிரி அளவுக்கு இறக்கினால் போதும் என்று கணித்திருந்தார்கள். பறக்கையில் ஏறக்குறைய 16 டிகிரி தேவைப்பட்டது. அந்த வேகத்தில் கொதிக்கும் காற்றின் வேதியியலைக் காற்றுச்சுரங்கம் காட்டவில்லை. காட்டாத சோதனையை நம்பி எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் 16 வந்திருக்காது. மடல் இன்னும் இறங்க இடம் விட்டிருந்ததால் அதில் இருந்த வீரர்கள் யங்கும் கிரிப்பனும் பத்திரமாக இறங்கினார்கள்.

நம் இஸ்ரோ கதையையும் பார். 2007 ஜனவரி 22 அன்று வங்கக்கடலில் விழுந்த எஸ்.ஆர்.இ.-1 கலம் சுற்றுப்பாதையிலிருந்தே திரும்பியது, ஆனால் எடை 550 கிலோதான். 2014 டிசம்பர் 18 அன்று எல்.வி.எம்.3 ராக்கெட் கொண்டுபோன கேர் கலம் 3,775 கிலோ. ஆள் ஏறும் கலத்தின் அளவு, ஆனால் 126 கிலோமீட்டர் உயரத்தில் பிரிந்து நேரே இறங்கியது, சுற்றுப்பாதையின் வேகம் அதற்கு இல்லை. ஒன்றில் வேகம், மற்றதில் உருவம். இரண்டும் சேர்ந்த கலத்துக்கு நீ கணக்குப் போடுகிறாய். அந்த இடைவெளியை அறிக்கையில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

எது அளந்தது, எது அனுமானம் என்று முதல் பக்கத்திலேயே பிரித்து எழுது. வீச்சு அகலமாகத்தான் வரும், யார் முகம் சுளித்தாலும் குறைக்காதே. திருத்தியதை அனுப்பு, பார்த்துத் தருகிறேன். பொங்கலுக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள், அவளுக்கு ஒரு போன் போடு.

உன் அக்கா